துணைக்குத் தூங்குகிறவர்கள்

இருபத்து மூன்று வருடங்களாக மனிதர்களைத் தூங்க வைப்பது என் வேலை. நோயாளிகளிடம் அப்படிச் சொல்வோமே தவிர, அது தூக்கம் இல்லை. தூக்கத்தில் கனவு வரும், புரண்டு படுக்கலாம், கொசு கடித்தால் கை தன்னால் போய் அடிக்கும். நான் கொடுக்கும் மருந்தில் அதெல்லாம் கிடையாது. விளக்கை அணைத்ததுபோல ஆள் இல்லாமல் போய்விடுவார். வேலை முடிந்ததும் நான் திரும்ப ஏற்றி வைப்பேன். இடையில் அவர் எங்கே இருந்தார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மயக்க மருந்து டாக்டர்கள் யாரும் இந்தக் கேள்வியை ரொம்ப நேரம் யோசிப்பதில்லை. யோசித்தால் அடுத்த ஆளுக்கு ஊசி போடக் கை வராது.

என் பெயர் சங்கரவடிவு. கடலும் உப்பளங்களும் சூழ்ந்த ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். அங்கே கனவு மெஷின் வந்து சேர்ந்தது ஒரு ஐப்பசி மாதம். மழை விட்டு, ஜன்னலுக்கு வெளியே உலகமே கழுவிக் காயப்போட்டதுபோல இருந்த காலை நேரம்.

அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் இணைதுயில் கருவி. அரை பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து வரும் இரண்டு தலைப்பட்டைகள், அவ்வளவுதான். கற்றுக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து கவின்மலர் என்ற இளம் பொறியாளர் வந்திருந்தாள். ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறையில் டாக்டர்களும் நர்ஸுகளுமாகப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம்.

"இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு உங்களால மயக்க மருந்து கொடுக்க முடியறதில்லீங்களே, அவங்களுக்கானதுங்க இது," என்றாள். "மருந்துக்குப் பதிலா மூளைக்கு ஒரு கனவைக் கொடுத்துருவோம். அதுல ஆழ்ந்து இருக்கற வரைக்கும் வலி உள்ள வராதுங்க."

"பிறகு எதுக்கு ரெண்டு பட்டை?" என்று கேட்டேன்.

"தனியாக் கனவு நிக்கறதில்லீங்க டாக்டர். கத்தி பட்டதும் கலைஞ்சுருது. பக்கத்துக் கட்டில்ல இன்னொருத்தர் கூடத் தூங்கணும். கனவுக்குள்ள கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி. சொந்தக்காரங்கள வெச்சுப் பார்த்தாங்க, பயந்து முழிச்சுக்கறாங்க. நர்ஸுங்கதான் சரியா வர்றாங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

சர்ஜன் மைதீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. 'இதயம் தாங்காது, வீட்டுக்குப் போங்க' என்று அந்த வருடம் மட்டும் பதினொரு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். தலைமை நர்ஸ் எழுந்து, "எங்க தலைக்குள்ள ஆயிரம் கெடக்கும் சார். அதுக்குள்ள கண்ட ஆளும் வந்து நடமாடவா? எங்க பிள்ளைக யாரும் படுக்க மாட்டாக" என்றார். மற்ற நர்ஸுகள் தலையாட்டினார்கள்.

நானும் எதிர்த்தேன். நோயாளியின் மூச்சை என் கையில் வைத்துக்கொண்டு நிற்பவள் நான். அதை ஒரு பெட்டியிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க முடியாது என்றேன். அது பாதி உண்மை. என் வேலை போய்விடுமோ என்ற பயம் மீதிப் பாதி. அதை அங்கே சொல்லவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தியேட்டர் நர்ஸ் ஜெபக்கனி. பதினாறு வருடங்களாக என் பக்கத்தில் நிற்பவள். நான் கேட்பதற்கு முன்பே ஊசியை என் கையில் வைப்பவள்.

"நான் படுக்கேன் மேடம்," என்றாள். "டாக்டர்மாரு முடியாதுன்னு சொல்லிட்டு உள்ள போயிருதீங்க. வெளிய வந்து அந்த வீட்டாள்கள்ட்ட பேசுறது நான்தான். எனக்கு அது போதும் போதும்னு ஆயிட்டு."

*

முதல் நோயாளி பேச்சித்தாய். அறுபத்தோரு வயது, உப்பளத் தொழிலாளி. வயிற்றுக்குள் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. நான் மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே போய்விடுவாள். முதுகில் ஊசி போட்டாலும் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

"உப்பளத்துல எல்லாரும் கேலி பண்ணுதாளுக டாக்டரம்மா, எத்தனை மாசம்னு," என்று தன் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "பிள்ளை இல்லாதவளுக்கு சாமி காலந்தாழ்த்திக் குடுத்திருக்காராம்."

காலை ஒன்பது மணிக்கு இருவரையும் அடுத்தடுத்த மேஜைகளில் படுக்க வைத்தோம். ஜெபக்கனி தலையைத் திருப்பி அந்த உப்பிய வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேச்சித்தாயின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நான் மருந்து நிரப்பிய ஊசிகளோடு நின்றேன், எந்த நொடியும் இது கெட்டுப்போகும் என்று. திரையில் இரண்டு இதயத் துடிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. நான் பார்க்கப் பார்க்க, வேகமானது தயங்கி நின்று, மெதுவானதற்காகக் காத்திருந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து நடந்தன. மைதீன் கத்தியை வைத்தார். பேச்சித்தாயின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. உதடுகள் மட்டும் ஏதோ வழி சொல்வதுபோல அசைந்தன. ஒன்றே முக்கால் மணி நேரம் நான் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

விழித்ததும் ஜெபக்கனி முதலில் நாக்கைச் சப்புக்கொட்டினாள். "வாயெல்லாம் உப்புக் கரிக்கு மேடம்," என்றாள்.

"என்ன பார்த்தே?"

"உப்பளம். ஆனா கரையே கிடையாது. தண்ணி கண்ணாடி மாதிரி மெல்லிசா நிக்கி. மேகமெல்லாம் காலுக்குக் கீழ போகுது. ரெண்டு பேரும் அதுமேல நடந்து போறோம், காலு எரியவே இல்ல. அந்தம்மா முன்னால போயி, இங்கன மிதி, இங்கன மிதிக்காதன்னு சொல்லுதாக. அவுகளுக்கு நான் துணையா, எனக்கு அவுக துணையான்னே தெரியல."

பேசும்போது அவள் கண்கள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

*

பேச்சித்தாய் பத்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு நோயாளிகள் வரிசைகட்டி நின்றார்கள். எட்டு மாதங்களில் முப்பத்து நான்கு பேர். வேறு நர்ஸுகள் இருவர் முயன்றார்கள், பாதியில் பதறி விழித்துக்கொண்டார்கள். ஜெபக்கனிக்கு மட்டும் அது வந்தது. பனங்காட்டில், பஞ்சாலையில், யாரோ ஒருவரின் பள்ளிக்கூட மைதானத்தில் அவள் நடந்து திரும்பினாள். எங்கள் மருத்துவமனையைப் பார்க்க வெளியூர் டாக்டர்கள் வந்தார்கள். நான் அவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் ஜெபக்கனியின் மகள் பெனிட்டா என் அறைக்கு வந்தாள். பள்ளிச் சீருடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டர் ஆன்ட்டி, அம்மாக்கு என்னமோ ஆயிட்டு," என்றாள். "நேத்து என் பர்த்டே. ஒவ்வொரு வருசமும் நான் பொறந்த கதையை அம்மா சொல்லுவாங்க. பஸ்ல பொறந்தேன்லா நான்? அதை நடிச்சுக் காட்டுவாங்க, சிரிச்சுச் சிரிச்சு அழுதுருவோம். நேத்து கேட்டா, 'பஸ்ல பொறந்தே, ரெண்டே முக்கால் கிலோ'ன்னு சொல்லிட்டு சமையல் பண்ணப் போயிட்டாங்க."

ஜெபக்கனியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெரியுமே மேடம். திருச்செந்தூர் ரோடு, மழை, பஸ்ஸு."

"மழை எப்படி இருந்தது? பக்கத்துல யாரு இருந்தாங்க?"

வாயைத் திறந்தாள். கண்ணை மூடித் தேடினாள். வீட்டுக்குள் ஒரு அறைக் கதவைத் திறந்து, அங்கே அறையே இல்லாததைப் பார்த்தவள்போல அவள் முகம் மாறியது.

"கேஸ் ஷீட்டுல படிச்ச மாதிரி இருக்கு," என்றாள் மெதுவாக. "எனக்கு நடந்த மாதிரி இல்ல."

அப்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நான் சொன்னது சரியாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அன்றைக்கே மெஷினை நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதத் தொடங்கினேன்.

மைதீன் ஓடி வந்தார். "முப்பத்து நாலு பேரு உயிரோட இருக்காங்க மேடம். இன்னும் ஒன்பது பேரு வெயிட்டிங்."

"அதுக்கு இவ வாழ்க்கையைப் பிய்ச்சுப் பிய்ச்சுக் கொடுக்கணுமா?"

கவின்மலரைப் போனில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போறவங்க மேடுங்க, நோயாளி பள்ளம்," என்றாள். "தண்ணி மாதிரி ஏதாச்சும் வழிஞ்சு போயிருக்கும். காப்பி ஆகாதுங்க. இங்கிருந்து போச்சுன்னா அங்க இருக்கும். மறுபடி ரெண்டு பேரும் படுத்து, இந்தத் தடவ அவங்க கூட்டிட்டுப் போனா, திரும்ப வரலாமுங்க. யார்கிட்ட இருக்குன்னு நீங்கதான் தேடிப் புடிக்கணும்."

*

முதல் நோயாளியிலிருந்து தொடங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காரில் கிளம்பினோம். பெனிட்டாவும் வருவேன் என்று ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் உப்புக் குவியல்கள் வெயிலில் பளபளத்தன. ஜெபக்கனி ஜன்னல் வழியாக அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பேச்சித்தாய் தங்கச்சி வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்து, பத்து வயது குறைந்து தெரிந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பாய் விரித்து, பக்கத்துக் கடையில் கலர் வாங்கி வரச் சொல்லித் தங்கச்சியை அனுப்பினாள்.

"ஆபரேஷனுக்குப் பிறகு வித்தியாசமா ஏதாவது நினைவு வருதாம்மா?" என்று கேட்டேன்.

அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சிரிக்கக் கூடாது டாக்டரம்மா. எனக்குப் பிள்ளையே கிடையாது. ஊருக்கே தெரியும். ஆனா நான் பெத்திருக்கேன்."

பாயில் உட்கார்ந்திருந்த ஜெபக்கனி நிமிர்ந்தாள்.

"பஸ்ஸுல. காலந்தப்புன மழை, அப்படி ஒரு மழை. பஸ்ஸு கூரையில ஓட்டை, தண்ணி எம்மேல சொட்டுது. டிரைவர் ஹாரனை அமுக்குன கையை எடுக்கவே இல்ல. ஒரு மீன்காரி தன் சேலையை அவுத்து மறைப்புப் பிடிச்சா, பாவாடையோட நிக்கா மகராசி. இடுப்பு ரெண்டாப் பிளக்கு. பிறகு சடார்னு எல்லாம் நின்னுபோச்சு. நெஞ்சுமேல சூடா ஒண்ணைத் தூக்கி வச்சாக." அவள் இரண்டு கைகளையும் மார்பில் குவித்துக்கொண்டாள். "பொட்டப்பிள்ளை. வலது உள்ளங்கையில கடுகு மாதிரி ஒரு மச்சம். அதைத்தான் மொதல்ல பாத்தேன்."

என் பக்கத்தில் பெனிட்டா வலது கையை மெல்ல மூடிக்கொண்டாள்.

ஜெபக்கனி கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு நடந்ததை இன்னொரு வாய் சொல்ல, முதல் தடவையாகக் கேட்பவள்போல.

"மனசு சோர்ந்து போச்சுன்னா அதை எடுத்து வச்சு நினைச்சுக்கிடுவேன்," என்றாள் பேச்சித்தாய். பிறகு அவள் முகம் சட்டென்று மாறியது. "ஏன் கேக்கீக? இது வியாதியா? மருந்து குடுத்து எடுத்துருவீகளா? அதுக்குத்தான் மூணு பேரா வந்தீகளா?"

நான் பேச வாயெடுத்தேன். ஜெபக்கனி என் முழங்கையைத் தொட்டாள்.

"வியாதி இல்லம்மா," என்றாள். "யாரும் எடுக்க மாட்டாங்க. அது உங்களுதுதான். சும்மா, நல்லா இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போக வந்தோம்."

கலர் வந்தது, குடித்தோம். கிளம்பும்போது பெனிட்டா குனிந்து பேச்சித்தாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். இடது கையால். பேச்சித்தாய் பதறிப்போய் அவளைத் தூக்கி, கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டாள்.

கார் உப்பளங்களைத் தாண்டியது.

"திரும்ப வாங்கிருக்கலாம்," என்றேன் கடைசியில்.

"எனக்கு இவ இருக்கா மேடம்," என்று ஜெபக்கனி மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அந்தம்மாக்கு அது மட்டுந்தான் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மீன்காரி சேலையை அவுத்துப் பிடிச்சதை எனக்குச் சொல்லவே இல்லையேட்டி நீ" என்றாள். "நீங்கதானம்மா எனக்குச் சொல்லணும்" என்றாள் பெனிட்டா. இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது.

*

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். மெஷின் இருக்கட்டும், ஆனால் கூடத் தூங்குகிறவருக்கு என்ன போகும் என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் படுக்க வைக்கக் கூடாது, எல்லோரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று. கூட்டத்தில் வாசித்தேன். யார் முதலில் என்று மைதீன் கேட்டதும் என் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. இந்தத் தடவை ஜெபக்கனியின் கையை நானே பிடித்துக் கீழே இறக்கினேன். பிறகு என் கையை உயர்த்தினேன்.

வரிசையில் அடுத்தவர் தொம்மை. சங்கு குளித்துக் குளித்து நுரையீரல் கெட்டுப்போனவர். குடலில் ஒரு கட்டி. நான் மயக்கம் கொடுத்தால் மூச்சு திரும்பாது. முன்பே பழகிக்கொண்டால் உள்ளே போய்ப் பதறாது என்று ஜெபக்கனி சொல்லியிருந்ததால், மூன்று நாட்கள் அவர் கட்டில் அருகே உட்கார்ந்து பேசிப் பழகினேன். செவ்வாய்க்கிழமை காலை நான் அவர் பக்கத்து மேஜையில் படுத்தேன். அத்தனை வருடங்களில் தியேட்டர் விளக்கை நான் கீழேயிருந்து பார்த்ததே இல்லை.

ஜெபக்கனி என் தலையில் பட்டையைக் கட்டினாள். "மேடம், போயிரவே கூடாதுன்னு ஒண்ணு இருக்கும்லா? சொல்லுங்க. எழுதி வச்சுக்கிடுதேன்," என்று பேனாவை எடுத்தாள்.

சொன்னேன். அவள் எழுதினாள். கண்ணை மூடினேன்.

பச்சை நிற வெளிச்சம். தண்ணீருக்குள் மூச்சு விட முடிந்தது. தொம்மையின் கை என் கையில் இளைஞனின் கையாக இருந்தது. மேலே படகின் அடிப்பக்கம் ஒரு மேகம்போலப் போயிற்று. மணலில் சங்குகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றை எடுத்து என் காதில் வைத்தார். எத்தனையோ பேரை எங்கே அனுப்புகிறோம் என்று தெரியாமலே அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு, ஒருவரோடு கூடப் போய்வருவது இப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. அவருக்கு வலித்த ஒரு கணம் கடல் முழுவதும் லேசாக நடுங்கியது. நான் அவர் கையை இறுக்கினேன். நடுக்கம் நின்றது.

விழித்தபோது மதியம். தொம்மை பக்கத்தில் சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். ஜெபக்கனி தாளை நீட்டினாள். அவளுடைய உருண்டை எழுத்து. வாசித்தேன்.

'கல்யாணத்துக்கு முந்தின வருசம். நாகர்கோவில் பாசஞ்சர். ஜன்னல் பக்கம் அவர் நுங்கு சாப்பிடப் போய், தண்ணி பீச்சியடிச்சு எதிர்த்தாப்ல இருந்த டி.டி.ஆர் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. அவர் சிரிச்ச சிரிப்புல கம்பார்ட்மென்ட்டே சிரிச்சது. அன்னைக்குத்தான் இவர்தான்னு முடிவு பண்ணேன்.'

"நல்லா இருக்கே," என்றேன். "யார் சொன்னது?"

ஜெபக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தூங்குவதற்கு முன் கடைசியாக எதை நினைக்கிறோமோ அதுதான் வழிந்து போகிறது. பேச்சித்தாயின் வயிற்றைப் பார்த்தபோது ஜெபக்கனி எதை நினைத்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற முப்பத்து மூன்று முறை எதை நினைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. இப்போது எங்கள் நர்ஸுகள் நோயாளியோடு முன்பே பழகிக்கொண்டு, பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே தூங்கப் போகிறார்கள். தலைமை நர்ஸ்கூட இரண்டு முறை படுத்தார். ஏழு வரிசைகள் மறந்துபோயின என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

என் கணவர் ராமசுப்பு இறந்து ஆறு வருடங்களாகின்றன. அவரை நான் மறக்கவில்லை. சட்டை, கண்ணாடி, கோபம், கடைசி மாதத்து இருமல், எல்லாம் இருக்கின்றன. சிரிப்பை மட்டும் நினைத்துப் பார்த்தால் அவர் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

தையல் பிரிக்கத் தொம்மை வந்தார். மைதீன் பார்த்து அனுப்பிய பிறகும் போகாமல் என் அறை வாசலில் தயங்கி நின்றார்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லலாமா? கடல்ல கெடந்தவன், ரயில்ல நான் அதிகம் போனதில்ல. ஆனா ஒரு ரயில் ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கு. கண்ணாடி போட்ட ஒரு ஆளு, கையில நுங்கு. யாருன்னே தெரியல. அந்த ஆளை நினைச்சா எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போவுது."

"உட்காருங்க," என்றேன். "அவர் எப்படிச் சிரிச்சார்?"

தொம்மை கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, தையல் பிரித்த வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிரித்துக் காட்டினார்.